சுழல்கத்தியைத் தீட்டுதலும் பராமரித்தலும்

சுழல்கத்தி என்பது தோலில் பூவேலை செதுக்குவோர் பயன்படுத்தும் சிறிய கைக்கருவி ஆகும். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் குதிரைச் சேணம், இடைவார் ஆகியவற்றை அலங்கரிக்கும் கலையில் இதுவே முதன்மைக் கருவி. தோலில் ஒருமுறை விழுந்த வெட்டை அழிக்க முடியாது. எனவே இக்கத்தியின் அலகைச் சரியான நிலையில் வைத்திருப்பது செதுக்குவோர் முதலில் கற்க வேண்டிய பாடமாகக் கருதப்படுகிறது.

அமைப்பு

கத்தியின் உச்சியில் ஆட்காட்டி விரலை வைப்பதற்கு வளைந்த தாங்கி ஒன்று உண்டு. அதன் கீழுள்ள உருளைத் தண்டைக் கட்டைவிரலும் மற்ற விரல்களும் திருப்புகின்றன. தண்டின் அடியில் அலகு பொருத்தப்படுகிறது. தாங்கி நகராமல் நிற்க, தண்டு மட்டும் சுழல்வதால் வளைவுகளைத் தடையின்றி வெட்டலாம். 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள அலகுகள் பரவலாகப் பயன்படுகின்றன. நேர் அலகு, சாய்வு அலகு, இரட்டைக்கோடு இழுக்கும் அலகு, பீங்கான் அலகு எனப் பல வகைகள் உள்ளன.

வெட்டும் விதம்

சுழல்கத்தி தோலை ஊடுருவி அறுப்பதில்லை. மரப்பட்டை போன்ற தாவரப் பொருள்களால் பதனிட்ட தோலை ஈரப்படுத்தி, அதன் தடிமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மட்டுமே வெட்டுகிறது. வெட்டும்போதே அலகின் இரு சரிவுகளும் தோலை விலக்கி, திறந்த பள்ளத்தை உண்டாக்குகின்றன. பின்னர் அப்பள்ளத்தின் ஓரத்தில்தான் அச்சுக்கருவியை வைத்துத் தட்டி, உருவத்தைப் புடைப்பாகத் தெரியச் செய்கின்றனர்.

இதனால் சவரக்கத்தியைப் போல மெல்லிய விளிம்பு இதற்குப் பொருந்தாது. மெல்லிய அலகு வெட்டிய கோடு மீண்டும் மூடிக்கொள்ளும். அலகு மிகவும் தடித்திருந்தால் தோலில் இழுபடும். பொதுவாக ஒவ்வொரு பக்கமும் 25 முதல் 30 பாகைச் சரிவு வைக்கப்படுகிறது. கூர்மையைப் போலவே சரிவுகளின் வழவழப்பும் முக்கியம். உராய்வைக் குறைப்பது அந்த வழவழப்பே ஆகும். வயோமிங் மாநிலத்தின் ஷெரிடன் நகரப் பெயரால் அறியப்படும் பாணியில் சிறு பூக்களும் வட்டத் தண்டுகளும் நெருக்கமாக அமையும். அத்தகைய சிறு வளைவுகளில் இழுபடும் அலகு கோட்டைப் பிறழச் செய்துவிடும்.

தீட்டுதல்

அன்றாடப் பயன்பாட்டில் அலகுக்குச் சாணைக்கல் தேவைப்படுவதில்லை. விளிம்பில் பல் விழுந்தாலோ, சரிவின் கோணம் கெட்டாலோ மட்டுமே கல்லில் தீட்ட வேண்டும். நீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளைக் கண்ணாடித் துண்டின்மேல் விரித்தும் தீட்டலாம். 400 அல்லது 600 எண் தாளில் தொடங்கி, 1000, 2000 எனப் படிப்படியாக நுண்மையான தாளுக்குச் செல்வர். சரிவில் மைப்பேனாவால் நிறம் பூசி இரண்டு முறை தேய்த்தால், எந்த இடத்தில் நிறம் அழிகிறது என்பதைக் கொண்டு கோணம் சரியா என அறியலாம். இரு பக்கங்களையும் சம அளவில் தேய்க்காவிட்டால் விளிம்பு நடுவிலிருந்து விலகிப்போகும்.

வாரில் மெருகேற்றுதல்

முடிதிருத்துவோரின் வாரைப் போல, பலகையில் ஒட்டிய தோல் துண்டே இங்குப் பயன்படுகிறது. அதன்மேல் குரோமியம் ஆக்சைடு கலந்த பச்சை மெருகுக்கட்டி அல்லது நகைத்தொழிலில் பயன்படும் சிவப்பு மெருகுக்கட்டி தேய்க்கப்படும். சரிவை முழுவதும் படியவைத்து, விளிம்பு பின்தங்கும்படி தன்னை நோக்கி இழுக்க வேண்டும். முன்னோக்கித் தள்ளினால் வார் வெட்டுப்படும். இழுத்து முடிக்கையில் அலகை நிமிர்த்தினால் விளிம்பு மழுங்கும். அலகை அப்படியே மேலே தூக்குவதே சரியான முறை. பக்கத்துக்குப் பத்து முறை இழுத்தால் பெரும்பாலும் போதும். மென்மையான தோலில் அலகு அமிழ்ந்து விளிம்பு உருண்டுவிடும் என்பதால், கெட்டி அட்டையில் மெருகுக்கட்டி தேய்த்துப் பயன்படுத்துவோரும் உண்டு.

இரட்டைக்கோடு அலகைத் தட்டையான வாரில் மெருகேற்ற முடியாது. அந்த அலகாலேயே தோல் துண்டில் ஒரு கோடு வெட்டி, அப்பள்ளத்தில் மெருகுக்கட்டியை நிரப்பி, அதன் வழியே இழுப்பர். பீங்கான் அலகுக்கு வைரத்தூள் பசை ஏற்றது. அது துருப்பிடிக்காது, ஆனால் கீழே விழுந்தால் உடையக்கூடும்.

மழுங்கலை அறிதல்

கத்தி இழுபடுவதும், வெட்டின் சுவரில் நார்கள் பிசிராகத் தெரிவதும் அலகு மழுங்கியதன் அறிகுறிகள். நல்ல அலகு வெட்டிய பள்ளத்தின் சுவர் பளபளக்கும். தோல் உலர்ந்திருந்தாலும் கத்தி இழுபடும். எனவே அலகைக் குறை சொல்லுமுன் தோலின் ஈரத்தைச் சோதிக்க வேண்டும். செதுக்கும் வேலையின் இடையிடையே வாரில் சில முறை இழுத்துக்கொள்வது வழக்கம்.

பாதுகாப்பு

தாவரப் பதனீட்டுத் தோலில் உள்ள டானின், ஈரத்தில் இரும்புடன் வினைபுரிந்து கருங்கறையை உண்டாக்கும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வினையால்தான். ஆகவே தீட்டியபின் அலகையும் கைகளையும் கழுவித் துடைத்துவிட்டே தோலைத் தொட வேண்டும். தீட்டும் இடம் செதுக்கும் மேசையிலிருந்து விலகியிருப்பது நல்லது. வேலை முடிந்ததும் அலகின் ஈரத்தைத் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சிட்டு, விளிம்பில் உறை மாட்டி வைக்கலாம். மறுமுறை எடுக்கும்போது அந்த எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். தாங்கி சுழலும் இணைப்பில் அவ்வப்போது ஒரு துளி எண்ணெய் விட்டால் தண்டு தடையின்றிச் சுழலும்.