பாபர் பைக்குல பின் சீட் வைக்கலாமா?

நம்ம காலேஜ் பார்க்கிங்ல டிஎன் 46, டிஎன் 61 நம்பரோட நிக்கிற சில பழைய பைக்குகளுக்கு வால் இருக்காது. பின்பக்க ஃபிரேமை வெட்டி, குட்டி மட்கார்டும் ஒத்தை சீட்டும் மாட்டி பாபர் ஆக்கியிருப்பாங்க. பார்க்க கெத்துதான். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு வரும்போதுதான் பின் சீட் ஞாபகம் வரும்.

பலர் செய்யறது, மட்கார்டு மேலயே ஒரு குஷனை போல்ட் போடுறது. இல்லன்னா சக்‌ஷன் கப் வச்ச பேட். சில ஹார்லி பைக்குகள்ல மட்கார்டைத் தாங்க ரெண்டு பக்கமும் தடிமனான ஸ்ட்ரட் இருக்கும், அதனால அங்க அது நிக்குது. நம்ம மட்கார்டு சேறு தடுக்கிற தகடு, அவ்வளவுதான். ஆள் வெயிட் ஃபிரேமுக்குப் போய்ச் சேரணும்.

சரி, ஃபிரேம்ல ரெண்டு பைப் வெல்ட் பண்ணி நீட்டினா? செகண்ட் இயர்ல படிச்ச கேன்டிலீவர் கணக்கு இங்கதான் உதவுது. 25 மிமீ வெளி விட்டம், 2 மிமீ தடிமன் உள்ள ரெண்டு மைல்ட் ஸ்டீல் பைப்னு வைப்போம். வெல்டுல இருந்து 250 மிமீ தள்ளி 65 கிலோ ஆள். நின்ன இடத்துல ஸ்ட்ரெஸ் சுமார் 104 மெகாபாஸ்கல். சாதாரண மைல்ட் ஸ்டீலோட யீல்டு சுமார் 250. பாஸ்தானேன்னு தோணும். ஆனா பெரம்பலூர்ல இருந்து அரியலூர் போற பக்கம், சுண்ணாம்புக்கல் லாரி ஓடி ஓடி உண்டான ஒரு குழியில இறங்கினா லோடு மூணு மடங்கு ஆகலாம். அப்போ 310. பைப் வளைஞ்சிடும். வளையலன்னாலும் வெல்டு ஓரத்துல ஃபட்டீக் விரிசல் ஆரம்பிக்கும், அது பெயின்ட்டுக்கு அடியில இருக்கறதால கண்ணுக்குத் தெரியாது.

தடிமனான பைப் போட்டா ஓரளவு சரியாகும். 3 மிமீ போட்டாலும் 234 வரைதான் இறங்குது, அது ரொம்ப நெருக்கம். அதைவிட நல்ல வழி, கீழ ஃபிரேம்ல இருந்து சாய்வா ஒரு சப்போர்ட் பைப் கொடுத்து முக்கோணமா கட்டுறது. சீட்டை முன்னாடி இழுக்கறதும் உதவும். ஓவர்ஹேங் 150 மிமீ ஆனாலே அதே 2 மிமீ பைப்புல ஸ்ட்ரெஸ் 190க்குள்ள வந்துடும்.

முன்னாடி இழுக்க இன்னொரு காரணமும் இருக்கு. 1390 மிமீ வீல்பேஸ் உள்ள பைக்ல, ஆள் பின் ஆக்ஸிலுக்கு 100 மிமீ பின்னால உக்காந்தா முன் சக்கரத்து லோடு சுமார் 5 கிலோ குறையும். 200 மிமீ முன்னால உக்காந்தா 9 கிலோ கூடும். ஹேண்டில் லேசாகி ஆடுறதுக்கும் உறுதியா இருக்கறதுக்கும் நடுவுல இந்த வித்தியாசம் இருக்கு.

ஃபுட்ரெஸ்ட்டை ஸ்விங்ஆர்ம்ல வெல்ட் பண்ணாதீங்க. சக்கரம் குதிக்கிறப்பெல்லாம் பின்னாடி இருக்கறவங்க முட்டியும் குதிக்கும். ஷாக்கைக் கழட்டி, சக்கரத்தை முழுசா மேல தூக்கிப் பாருங்க. டயர் சீட்டோட அடிப்பக்கத்துல உரசினா சீட்டை உயர்த்தணும். பட்டறை அண்ணன் வெல்டிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவ்வைக் கழட்டச் சொல்லுங்க, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பைக்குன்னா ஈசியு போயிடும்.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988ல பிரிவு 128, பின்னாடி ஒருத்தரை மட்டும், வண்டியோட உறுதியா பொருத்தின சரியான சீட்டுல உக்கார வச்சுதான் ஏத்தணும்னு சொல்லுது. மத்திய விதி 123 கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின் சக்கரத்துல பாதியையாவது மூடுற கார்டு மூணும் கேக்குது. நம்ம ஊர்ல சேலை, துப்பட்டாவோட உக்கார்றவங்களுக்கு அந்த கார்டு உயிர் விஷயம். பாபர்ல முதல்ல கழட்டிப் போடுறதும் அதைத்தான்! ஃபிரேமை வெட்டுறது பிரிவு 52க்குள்ள வரும். ஆர்சியில இருக்கிற விவரத்துல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில ஒரு கேரள வழக்குல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. அதே வருஷத் திருத்தத்துல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரை சிறை, ரெண்டும் சேர்ந்தும் வரலாம்னு வந்தது.

கம்பெனிகளே இந்தப் பிரச்சனையைப் பார்த்திருக்காங்க. ஜாவா பெராக் ஒத்தை சீட்டோட வந்த பைக். 2024ல வந்த ராயல் என்ஃபீல்டு கோவன் கிளாசிக்ல பின் சீட்டைக் கழட்டி மாட்டிக்கலாம். புதுசா பாபர் பண்ண நினைக்கிறவங்க அந்த வழியைப் பார்க்கலாம். ஒரிஜினல் சப்ஃபிரேமை வெட்டாம விட்டு, அதே போல்ட் ஓட்டைகள்ல சிங்கிள் சீட் மாட்டுங்க. பழைய சீட்டு பரண்ல கிடக்கட்டும், அம்மா வர்ற அன்னைக்கு ஒரு ஸ்பேனர் போதும்.