14 பேர், ஒரு மேசை, பல அடுப்பு

கூட்டமாக வெளிநாடு கிளம்புகிறவர்கள் முதலில் ஓட்டலைப் பிடித்துவிடுவார்கள். சாப்பாட்டை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். எங்கள் குடும்பத்தில் பயணக் கணக்கு என் தலையில். வங்கியில் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் என்பதால், யாரும் கேட்காமலே கட்டிவிட்டார்கள். நான் பார்த்தவரை கூட்டத்தில் சண்டை அறையால் வருவதில்லை. மதியம் ஒன்றரை மணிக்கு, உச்சி வெயிலில், எங்கே சாப்பிடுவது என்று தெரியாமல் நடுத்தெருவில் நிற்கும்போதுதான் வரும். ஆகவே எனக்கு முதலில் சாப்பாட்டுத் தெரு, பிறகு அதற்கு நடந்துபோகும் தூரத்தில் அறை. இந்தக் கணக்குக்குக் கச்சிதமாக ஒத்துவரும் ஊர் மலேசியாவின் பினாங்கு.

எங்கள் கூட்டம் திருச்சியிலிருந்து மூன்று குடும்பம், 14 பேர். அத்தை (என் மாமியார்) சுத்த சைவம். பெரியப்பா சர்க்கரைக்காரர், நேரத்துக்கு வயிற்றில் எதுவும் விழவில்லை என்றால் கை நடுங்கும். கொழுந்தனார் மாடு, பன்றி தொடமாட்டார். மற்றபடி நீந்துவது எதையும் விட்டுவைக்கமாட்டார். பிள்ளைகளுக்கு உறைப்பு ஆகாது. இவர்களை ஒரே ஓட்டலில், ஒரே மெனு அட்டையின் முன்னால் உட்காரவைத்துப் பாருங்கள், தெரியும்.

போய்ச் சேருவது இப்போது சுலபம். சென்னையிலிருந்து பினாங்குக்கு 2024 டிசம்பரில் நேரடி விமானம் தொடங்கியது. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள்வரை விசா தேவையில்லை. ஆனால் வருகைப் படிவத்தை இணையத்தில் ஆளுக்கொன்றாக நிரப்ப வேண்டும், கைக்குழந்தைக்கும் சேர்த்து. விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் போடும்முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்க இரண்டு பக்கம் உண்டு. ஒன்று தீவின் வடக்குக் கரையில் இருக்கும் பத்து ஃபெரிங்கி, கடற்கரை ஓட்டல்கள் வரிசைகட்டி நிற்கும் இடம். இன்னொன்று பழைய ஊரான ஜார்ஜ் டவுன். தீவு என்றதும் எல்லோரும் கடற்கரையைத்தான் கேட்பார்கள். நான் பழைய ஊர் பக்கம். ஃபெரிங்கியின் கடல் நீலமாக, அடி தெரிகிற மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். கலங்கல்தான், ஜெல்லி மீன் வரும் நாட்களும் உண்டு. மாலைச் சூரியனும், இருட்டியதும் சாலையோரம் விரியும் சந்தையும் நன்றாக இருக்கும். ஆனால் அங்கே தங்கினால் ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்கும் வளைந்து வளைந்து போகும் சாலையில் ஊருக்கு வர வேண்டும். ஒரு மாலை 101ஆம் எண் பேருந்தில் போய்விட்டு வந்தால் போதும். கடலோரத்தில் தூங்கியே ஆக வேண்டும் என்பவர்கள் கடைசி ஓர் இரவை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

ஜார்ஜ் டவுனின் பழைய பகுதி 2008இல் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பழைய கடைவீடுகள் பல இன்று தங்கும் விடுதிகள். முகப்பு ஒடுக்கம், உள்ளே போகப்போக நீளம், நடுவில் வானம் தெரியும் முற்றம். கூட்டமாகப் போகிறவர்களுக்கு முழு வீட்டையே வாடகைக்கு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். கீழ்க்கூடம் எல்லோருக்கும் பொது, இரவில் சீட்டாட்டம் கலையாது. படத்தில் பார்த்தால் மயங்கிவிடுவோம். படத்தில் தெரியாதது படி. செங்குத்தான மரப்படி, ஏணிக்குக் கொஞ்சம் மேலே என்று சொல்லலாம், லிஃப்ட் என்ற பேச்சே இல்லை. பெரியவர்களின் முழங்காலை உத்தேசித்து மூன்று கேள்வியை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்: தரைத்தளத்தில் அறை உண்டா, குளியலறை அறைக்குள்ளேயா, சன்னல் எங்கே திறக்கிறது? நடு அறைகள் சிலவற்றுக்குச் சன்னல் முற்றத்தைப் பார்த்துத்தான் இருக்கும், சிலவற்றுக்கு இருக்கவே இருக்காது. மேல்தளம் பலகை என்பதால் மேலே பிள்ளை ஓடினால் கீழே படுத்திருப்பவருக்குத் தூக்கம் போச்சு. பிள்ளைகள் இருக்கும் குடும்பத்தைக் கீழே போடுவதா, முழங்கால் வலிக்காரரைக் கீழே போடுவதா என்பதில் எங்கள் வீட்டில் ஒரு வாரம் வாட்சப்பில் விவாதம் நடந்தது. முழங்கால் ஜெயித்தது.

வெளிநாட்டுப் பயணிகளிடம் அறைக்கு, இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வாங்குவார்கள். தலைக்கு அல்ல, அறைக்கு. ஆறு அறை, நான்கு இரவு என்றால் 240 ரிங்கிட். ரூபாயில் ஐயாயிரத்தை ஒட்டி வரும். நால்வர் அறைகளாகப் போட்டால் நான்கு அறை போதும், வரி 160 ரிங்கிட்டாகக் குறையும். இன்னொன்று, அந்தப் புழுக்கத்தில் ஒரு சட்டை ஒரு நாள் தாங்காது, துவைத்தால் அறைக்குள் காயவும் காயாது. காசு போட்டுத் துவைக்கும் டோபிக் கடைகள் ஊரெங்கும் இருக்கின்றன. துணியைக் குறைத்துக் கட்டுங்கள், பெட்டியின் எடைக்குப் பணம் கட்டுவதைவிட இது மலிவு.

சாப்பாட்டுக்கு வருவோம். லிட்டில் இந்தியா என்பது பினாங்கு தெரு, குயின் தெரு, கிங் தெரு, மார்க்கெட் தெரு என நாலு தெருச் சங்கதி. குயின் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், கொஞ்சம் தள்ளி 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். தைப்பூசத்துக்குச் செட்டியார்களின் வெள்ளித் தேர் பினாங்கு தெரு கோயில் வீட்டிலிருந்துதான் புறப்படும்; அந்த வாரத்தில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. நாங்கள் அறை எடுத்தது இந்தத் தெருக்களுக்குப் பக்கத்தில். காரணம் அத்தையும் பெரியப்பாவும். காலையில் யாரையும் எழுப்பாமல், யாரையும் கேட்காமல், இரண்டு பேரும் கடைவீடுகளின் முன்னால் ஓடும் கூரையிட்ட நடைபாதையான அஞ்சடியில் நிழலோடு நிழலாக நடந்து போய் இட்லியோ இடியாப்பமோ சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார்கள். கடைக்கார அம்மா, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்கிற ஊரில் எனக்கு அவர்களைப் பற்றிக் கவலை இல்லை.

மதியத்துக்கு நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் காவடித்தண்டைத் தோளில் போட்டு, ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் குழம்புமாகச் சுமந்து துறைமுகக் கூலிகளுக்கு விற்ற சாப்பாடு இது. கேம்பெல் தெருவில் 1907 முதல் இருக்கும் ஹமீதியா இன்றும் நடக்கிறது. வரிசையில் நின்றால் கண்ணாடிக்குப் பின்னால் கணவாய், மீன் சினை, கோழி, வெண்டைக்காய், முட்டை என்று தாம்பாளம் தாம்பாளமாக. எங்களுக்குப் பரிமாறியவர் ராமநாதபுரத்துக்காரர். "அக்கா, ஒரு குழம்பா, எல்லாம் கலந்து ஊத்தவா?" என்றார். கலந்து ஊற்றுவதில்தான் விஷயமே இருக்கிறது. கோழிக் குழம்பும் மீன் குழம்பும் பருப்பும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சோற்றில் இறங்கும். வெள்ளமாக வேண்டுமென்றால் "பஞ்சிர்" என்று சொல்ல வேண்டும். கொழுந்தனார் சொல்லிவிட்டு, தட்டின் விளிம்பைப் பிடிக்க இடமில்லாமல் வந்தார். மாட்டுக்கறித் தாம்பாளமும் அதே வரிசையில் இருக்கும், கரண்டிகள் பக்கத்துப் பக்கத்தில். அது ஆகாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. விலைப்பட்டியல் தொங்காத கடைகளில் பெரிய இறாலையோ மீன் தலையையோ கைகாட்டும்முன் விலை கேளுங்கள். கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

இரவுதான் எங்கள் கூட்டத்துக்குத் திருவிழா. நியூ லேன், சூலியா தெரு, கிம்பர்லி தெரு, கர்னி டிரைவ்: சாயங்காலமானால் தள்ளுவண்டிகள் அடுப்பேற்றிவிடும். முறை இதுதான். முதலில் மேசையைப் பிடியுங்கள். மேசை பெரும்பாலும் பானம் விற்பவருடையது. அவர் வந்து கேட்கும்போது ஆளுக்கு ஒரு தேநீரோ எலுமிச்சைச் சாறோ சொல்லிவிடுவது மரியாதை. பெரியவர் ஒருவரை மேசைக்குக் காவல் வைத்துவிட்டு, மற்றவர்கள் ஆளுக்கொரு வண்டியாகப் பிரியலாம். வேண்டியதைச் சொல்லி, மேசை எண்ணைச் சொல்லி, எண் இல்லாவிட்டால் கையைக் காட்டிவிட்டு வந்து உட்கார வேண்டியதுதான். தட்டு தேடிக்கொண்டு வரும். வந்ததும் அந்தத் தட்டுக்கு அங்கேயே காசு. ஆகவே குடும்பத்துக்கொரு பையில் சில்லறை நோட்டு பிரித்துக் கொடுத்துவிட்டேன். கடைசியில் யார் எவ்வளவு என்ற பேச்சே எழவில்லை.

சார் குவே தியாவ் வண்டி முன்னால் மட்டும் பொறுமை வேண்டும். பேர்போனவர்கள் ஒரு நேரத்தில் ஒரு தட்டுக்கு மேல் போடமாட்டார்கள். இரும்புச் சட்டி புகைகிற சூட்டில் தட்டை அரிசி நூடுல்ஸ், இறால், சிப்பி, பயறு முளை, முட்டை; நாலு தடவை திருப்பினால் முடிந்தது. சீனர் வண்டிகளில் பன்றிக் கொழுப்பில் வதக்குவது வழக்கம், வேண்டாதவர்கள் முஸ்லிம் வண்டியைத் தேடுங்கள். கர்னி டிரைவில் தமிழ் முஸ்லிம்கள் விற்கும் பசெம்பூர் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது: இறால் வடை, டோஃபு, வெள்ளரிக்காய் எல்லாம் நறுக்கி, சர்க்கரைவள்ளிக் கிழங்கில் செய்த இனிப்புக் குழம்பை ஊற்றித் தருவார்கள். இது துண்டுக்கு விலை, தட்டை நிரப்பும்முன் நினைவில் இருக்கட்டும்.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. காய் மட்டும்தான் கண்ணில் படுகிறது என்பதை நம்பாதீர்கள். வள்ளல்கீரைப் பிரட்டலில் பிளாச்சான் என்ற இறால் விழுது இருக்கும், பழக் கலவையான ரோஜாக்கில் கூட கறுப்பாக வருவது இறால் பாகுதான். அசாம் லக்சாவின் புளிக்குழம்பு கானாங்கெளுத்தியை உதிர்த்துப் போட்டது. இரவில் அத்தைக்கு லிட்டில் இந்தியாவில் தோசை கட்டி வாங்கி மேசைக்கே கொண்டுவந்தோம். யாரும் முகம் சுளிக்கவில்லை. சீனர்களின் பௌத்த சைவக் கடைகளில் இறைச்சி போலவே செய்த சோயாப் பண்டங்களை வைப்பார்கள். அத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதுக்கு நான் அதையே சாப்பிட்டுருப்பேனே" என்றார். வரிசையில் நின்று வாங்கும் செண்டோல் மட்டும் எல்லோருக்கும் பொது: பச்சை மாவு இழை, தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, துருவிய ஐஸ். பெரியப்பா இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொண்டார் என்று பெரியம்மா சொல்கிறார்.

மே, ஜூன் வாக்கில் போனால் பாலிக் புலாவ் பக்கம் டுரியான் காலம். அறைக்குக் கொண்டுவரலாம் என்ற எண்ணமே வேண்டாம். ஓட்டல் வாசல்களில் டுரியானுக்குத் தடைப் படம் ஒட்டியிருக்கும், மீறினால் அபராதம். கறை பிடிக்கும் என்று மங்குஸ்தானையும் பல இடங்களில் விடமாட்டார்கள். கடை முன்பே உட்கார்ந்து பிளந்து தரச் சொல்லிச் சாப்பிடுங்கள். சாப்பிட்ட பிறகு சுளை இருந்த ஓட்டுக் குழியில் தண்ணீரை விட்டு, அந்தத் தண்ணீரில் கை கழுவச் சொல்வார் கடைக்காரர், வாடை போய்விடுமாம். கொழுந்தனாரின் கைக்கு அது போதவில்லை. அன்றைக்கு வேனில் அவருக்குச் சன்னலோர இடத்தை எல்லோரும் தாங்களாகவே விட்டுக்கொடுத்தார்கள்.