‘கமெமரேட்’னா சரியா என்ன அர்த்தம்?

செப்டம்பர் 15 வந்தா எல்லா காலேஜ் போஸ்டரிலும் ஒரு வார்த்தை வந்துடும். “இன்ஜினியர்ஸ் டேயை கமெமரேட் பண்றோம்”னு பெரிய எழுத்துல போட்டு, கீழே தலைப்பாகையோட விஸ்வேஸ்வரய்யா படம். அந்த வாக்கியம் தப்புன்னு சொல்லிட முடியாது. ஆனா நாம நினைவுகூர்றது அந்தத் தேதியை இல்லை, 1861-ல பிறந்த ஒரு மனுஷரை. அதனால “விஸ்வேஸ்வரய்யாவின் பிறப்பை கமெமரேட் செய்யும் வகையில் இன்ஜினியர்ஸ் டேயை அப்சர்வ் செய்கிறோம்”னு எழுதினா அர்த்தம் தெளிவா நிக்கும். நாளை அப்சர்வ் பண்ணுவோம். ஆளையோ சம்பவத்தையோ கமெமரேட் பண்ணுவோம்.

வார்த்தை லத்தீன்ல இருந்து வந்தது. ‘மெமர்’னா நினைவில் வைத்திருக்கிற. முன்னாடி இருக்கிற ‘காம்’ அந்த அர்த்தத்துக்கு அழுத்தம் கொடுக்குது. நம்ம ‘நினைவுகூர்’ கிட்டத்தட்ட இதே கட்டுமானம்தான்! ‘கூர்தல்’னா மிகுதல், உள்ளது இன்னும் சிறத்தல். அன்புகூர்னு சொல்றோமே, அதே கூர். ரெண்டு மொழியும் தனித்தனியா ஒரே மாதிரி யோசிச்சிருக்கு பாருங்க.

அப்போ ‘ரிமெம்பர்’க்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? பஸ்ல ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டியை நினைச்சுக்கிட்டா அது ரிமெம்பர். அது மனசுக்குள்ள நடக்கிறது, யாருக்கும் தெரியாது. கமெமரேட்டுக்கு வெளியே தெரியிற ஒரு செயல் வேணும்: விளக்கு, மாலை, கூட்டம், சிலை, ஒரு நிமிஷ மௌனம். பெரும்பாலும் நாலு பேர் சேர்ந்து செய்றது. “நேத்து ராத்திரி தாத்தாவை கமெமரேட் பண்ணேன்”னு எழுதினா ஆங்கிலம் தெரிஞ்சவங்க முழிப்பாங்க.

தமிழ்ல நாம ஒரு கோடு போட்டு வச்சிருக்கோம். பிறந்தநாள்னா கொண்டாட்டம், இறந்தநாள்னா அனுசரிப்பு. பேப்பர்ல “நினைவு தினம் கொண்டாடப்பட்டது”ன்னு வந்தா உடனே உறுத்தும். கமெமரேட் ரெண்டுக்கும் பொது. பிறப்பு, இறப்பு, வெற்றி, படுகொலை எல்லாத்துக்கும் வரும். அதனால மொழிபெயர்க்கும்போது சந்தர்ப்பம் பார்க்கணும்.

‘மெமோரியல்’ங்கறது பொருள், ‘கமெமரேஷன்’ங்கறது செயல். இதை நம்ம ஆளுங்க ரொம்ப முன்னாடியே பிரிச்சுப் பார்த்திருக்காங்க. நடுகல் ஒரு மெமோரியல். ஆனா தொல்காப்பியம் கல்லோட நிக்கலை. கல்லைத் தேடிப் பார்க்கிற காட்சியில ஆரம்பிச்சு கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்துன்னு ஆறு படி சொல்லுது. கல்லைக் குளிப்பாட்டுறதுக்கே தனிப் பெயர்! சிலப்பதிகாரத்துல வஞ்சிக் காண்டத்தின் காதைப் பெயர்களைப் பாருங்க, கண்ணகிக்காக இதே வரிசை வரும். பக்கத்து தேனி மாவட்டத்துல புலிமான்கோம்பையில 2006-ல கிடைச்ச தமிழ்-பிராமி நடுகல்லும் ஆகோள், அதாவது மாடு கவரும் சண்டையில, இறந்த ஒருத்தருக்காக நட்டதுதான்.

நம்ம தொப்பம்பட்டி பக்கத்துக்கே வருவோம். ஒட்டன்சத்திரத்துல இருந்து பழனி போற ரோட்டுல விருப்பாச்சி இருக்கு. பேர் சொன்னதும் வாழைப்பழம்தான் முதல்ல ஞாபகம் வரும், இல்லையா? அங்க பாளையக்காரரா இருந்தவர் கோபால் நாயக்கர். நாட்டை இழந்து வந்த வேலுநாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்தவர், மருது சகோதரர்களோட சேர்ந்து கம்பெனியை எதிர்த்தவர். 1801-ல திண்டுக்கல்ல தூக்கிலிட்டாங்க. விருப்பாச்சியில அவருக்கு மணிமண்டபம் இருக்கு. இப்போ மேலே சொன்ன வித்தியாசத்தை இங்க போட்டுப் பாருங்க. மண்டபம் மெமோரியல். அதை அரசாங்கம் கட்டிக் கொடுத்துடும். கமெமரேஷனை யாரும் கட்டிக் கொடுக்க முடியாது, ஆள் போகணும். ஊட்டிக்கு ஐவி போற நம்ம பசங்கள்ல எத்தனை பேர் அந்த மண்டபத்துல இறங்கியிருக்காங்க?

வேலுநாச்சியாருக்கு தபால்துறை 2008 டிசம்பர் 31-ல அஞ்சல்தலை வெளியிட்டது. அந்த மாதிரி தலைக்குப் பேரே ‘கமெமரேட்டிவ் ஸ்டாம்ப்’. சாதாரணத் தலையை ‘டெஃபினிட்டிவ்’னு சொல்வாங்க, தீர்ந்தா மறுபடி அச்சடிப்பாங்க. நினைவுத் தலை குறிப்பிட்ட அளவு அச்சடிச்சதோட சரி. நாணயத்துலயும் உண்டு: அண்ணா நூற்றாண்டுக்கு வந்த 5 ரூபாய்ல அவரோட தமிழ்க் கையெழுத்தே இருக்கும். கலைஞருக்கு 2024 ஆகஸ்ட்ல வந்த 100 ரூபாய் நாணயம் அப்படி இல்லை, கடையில கொடுத்து சில்லறை வாங்க முடியாது, சேர்த்து வைக்கத்தான்.

பிளேஸ்மெண்ட் டெஸ்ட்டுக்குப் படிக்கிறவங்களுக்கு ரெண்டு விஷயம். கமெமரேட்டுக்குப் பின்னாடி ‘ஃபார்’, ‘அபௌட்’ எதுவும் வராது, நேரா ஆளோ சம்பவமோ வரணும். பெயர்ச்சொல்லா மாத்தினா மட்டும் ‘இன் கமெமரேஷன் ஆஃப்’. அப்புறம் ‘கமிசரேட்’டோட குழப்பிக்காதீங்க. அது அடுத்தவங்க கஷ்டத்துக்கு அனுதாபப்படுறது. ஆண்டுவிழா அழைப்பிதழ்ல அதைப் போட்டா சீஃப் கெஸ்ட் யோசிச்சுட்டுதான் மேடை ஏறுவார்.