லட்ச ரூபாய் குச்சி!

குச்சி என்றதும் ஐஸ் குச்சி, பல் குத்தும் குச்சி என்று எதையாவது நினைத்துவிடாதீர்கள். நான் சொல்வது பூல் ஆடுகிற குச்சி. 'க்யூ' என்பது அதன் படித்த பெயர். நாங்கள் ஆடும் இடத்தில் வெறும் 'ஸ்டிக்'. நீளம் 58 அங்குலம். எடை அரை கிலோவுக்குக் கொஞ்சம் கூட. இதற்கு ஒரு லட்ச ரூபாய் கொடுக்கலாமா, கூடாதா என்று மூன்று மாதம் நான் பட்ட அவஸ்தைதான் இந்தக் கட்டுரை. (சிரிக்காதீர்கள். உங்களுக்கு அது ஸ்டிக்காக இல்லாமல் கேமராவாக, கிடாராக, புல்லட்டாக வரும். வியாதி ஒன்றுதான்.)

நான் இருப்பது கோவளம். கேரளாவில் வெள்ளைக்காரர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு மல்லாந்திருக்கும் கோவளம் அல்ல. முட்டுக்காட்டைத் தாண்டினால் வருமே, நம்ம ஈ.சி.ஆர். கோவளம். தாம்பரத்தில் வாடகைக்கு இருந்தவன், 'கடல் காத்து இலவசம்' என்று ஆசைப்பட்டு இங்கே ஒரு பழைய வீட்டை வாங்கினேன். காற்று இலவசம்தான். அது தின்று தீர்க்கும் ஜன்னல் கம்பிக்கும் சுவர்ப் பூச்சுக்கும்தான் பில் வருகிறது. ஐப்பசி பிறந்தால் வெளியே ஒரு மழை, ஹாலுக்குள் ஒரு மழை. மூன்று ஒழுகலுக்குப் பக்கெட். நாலாவது ஒழுகல் நேராக டி.வி. மேல் என்பதால், அதற்குக் குடை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கேளம்பாக்கம் பக்கம் போய்விடுவேன். ஒரு பேக்கரிக்கு மேலே மாடி. மூன்று டேபிள். மணிக்கு 200 ரூபாய். கழுத்தில் ஆபீஸ் அட்டையைக் கழற்ற மறந்த பையன்கள், ஒன்றிரண்டு ரியல் எஸ்டேட் அண்ணன்கள், அடியேன். எல்லோரையும் மேய்ப்பவர் ஒரு பெரியவர். டவுனில் பெரிய கிளப் ஒன்றில் முப்பது வருஷம் மார்க்கராக இருந்தவர். மார்க்கர் என்றால் ஸ்கோர் எழுதுகிறவர், டேபிளுக்குப் பிரஷ் போடுகிறவர், ஆள் கிடைக்காத கனவான்களோடு ஆடி, தேவைப்பட்டால் பெருந்தன்மையாகத் தோற்கிறவர். எங்களிடம் அவர் தோற்பதே இல்லை. அவ்வளவு பெருந்தன்மைக்கு நாங்கள் தகுதியில்லை போலிருக்கிறது.

வியாதியைக் கொண்டு வந்தவன் என் காலேஜ் தோஸ்த். அமெரிக்காவிலிருந்து ஒரு மாச லீவில் வந்திருந்தான். தோளில் துப்பாக்கி உறை மாதிரி ஒன்று. ஜிப்பைத் திறந்தான். இரண்டு துண்டு. திருகிச் சேர்த்தான். அடிப்பாகம் கருங்காலி, நடுவில் வைரம் வைரமாக வெள்ளை இழைப்பு. மேல்பாகம் மேப்பிள் மரம், சந்தனம் பூசிய மாதிரி ஒரு நிறம்.

"கஸ்டம் மேட்டா மச்சி. எனக்குன்னே செஞ்சது. ஒரு வருஷம் வெயிட் பண்ணேன். ஒரு ஆட்டம் ஆடிப் பாரு."

ஆடினேன். வழக்கமாக 'டக்'கென்று கேட்கும் சத்தம், 'டொக்'கென்று கோயில் கதவு தாழ்ப்பாள் மாதிரி கேட்டது. வரிசையாக மூன்று பந்து உள்ளே. மார்க்கர்கூடத் திரும்பிப் பார்த்தார். அன்று ராத்திரி தூக்கம் போயிற்று.

விலை 900 டாலர். கூரியர், கஸ்டம்ஸ், இதர இத்யாதிகள் எல்லாம் சேர்ந்தால் லட்சத்தை முட்டும். கெட்ட நேரம், கையில் பணமும் இருந்தது. கம்பெனி ஆண்டறிக்கைகளைத் தமிழாக்கியதற்கான பாக்கி 1,10,000 மொத்தமாக வந்திருந்தது. அதற்கு ஏற்கெனவே பெயர் சூட்டப்பட்டிருந்தது. 'மொட்டை மாடி' என்று.

மனைவியிடம் மெதுவாக ஆரம்பித்தேன். அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாளித்திருக்கலாம். "வாங்குங்க. மழை வந்ததும் அதையே சீலிங்குக்கு முட்டுக் குடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டுக் கீரை ஆய ஆரம்பித்துவிட்டாள்.

பி.காம். படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். ஆசை வந்தாலும் அதற்கு ஒரு கணக்கு எழுதிப் பார்ப்பான். வாரம் இரண்டு மணி, வருஷத்துக்கு 100 மணி. பத்து வருஷம் உழைக்கும் என்று வைத்தால் தேய்மானம் வருஷத்துக்கு 10,000, அதாவது மணிக்கு 100 ரூபாய். பணம் பாங்கில் இருந்தால் 7 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள், அது மணிக்கு 70. ஆக, டேபிள் வாடகை போக மணிக்கு 170 ரூபாய். 6,000 ரூபாய்க்கு ஒரு சுமாரான ஸ்டிக் வாங்கினால் அதே கணக்கில் மணிக்கு 10 ரூபாய் 20 காசு!

சரி, சந்தோஷத்தை எந்தப் பேரேட்டில், எந்தப் பக்கம் எழுதுவது? காலேஜில் சொல்லித் தரவில்லை. லட்ச ரூபாய்க்கு நிஜமாகவே பந்து நன்றாகப் போகிறதா என்று பார்த்துவிட்டால் பாதிக் கேள்வி தீர்ந்துவிடும். மார்க்கரிடம் போனேன்.

"தப்பு பண்றது கையா, குச்சியா... மொதல்ல அத்தக் கண்டுபுடி சார்" என்றார். வெள்ளைப் பந்தை ஒரு கோடியில் வைத்தார். நடு டேபிளில் ஒரு பந்து. நேர்க்கோட்டில் எதிர் மூலைப் பாக்கெட். "இருபது தபா அடி."

டேபிளோடு வரும் பொது ஸ்டிக்கில் 8 விழுந்தது. தோஸ்த்தின் ஸ்டிக்கில் 11. "பாத்தீங்களா!" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. சுவரில் இருந்த பழைய ஸ்டிக்குகளை ஒவ்வொன்றாக டேபிள் மேல் உருட்டினார். வளைந்தது தத்தித் தத்தி உருளும். நேரானது சத்தமில்லாமல் ஓடும். சத்தமில்லாமல் ஓடிய ஒன்றை எடுத்து, நுனியில் புதுத் தோல் ஒட்டி, அடியில் சிவப்பு நூல் கட்டினார். "மூணு வாரம் இத்தத் தவிர வேற எத்தயும் தொடாத."

மூன்று வாரம் கழித்து, தோஸ்த் ஊருக்குக் கிளம்பும் முன், மறுபடி அதே பரீட்சை. சிவப்பு நூல், 14. லட்ச ரூபாய், 10.

இது என்ன மாயம்? மாயமில்லை. பந்தை நிஜமாகத் தொடுவது நுனியில் இருக்கும் பத்துப் பைசா அளவுத் தோல்தான். பூல் ஸ்டிக்கில் அதன் விட்டம் 12, 13 மில்லிமீட்டர். ஸ்னூக்கர் ஸ்டிக்கில் 9, 10. அது பந்தைத் தொடும் நேரம் ஒரு விநாடியில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தத் தோலை நுனியில் ஒட்டும் யோசனை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் மிங்கோ என்ற பிரெஞ்சு ராணுவக்காரருக்கு ஜெயிலில் இருந்தபோது உதித்தது என்பார்கள். விடுதலை நாள் வந்தபோது, 'ஆட்டம் இன்னும் கைக்கு வரலை, இன்னும் கொஞ்ச நாள் இருக்கேனே' என்று கேட்டாராம். அவர் வீட்டிலும் மொட்டை மாடி ஒழுகியிருக்க வேண்டும்.

தோலுக்கு அடுத்தது மேல்பாகம். வெள்ளைப் பந்தை நடுவில் அடிக்காமல் ஓரத்தில் அடித்தால் பந்து சுழலும். கூடவே, குறி வைத்த கோட்டிலிருந்து எதிர்ப்பக்கமாக ஒரு மயிரிழை விலகும். ஸ்டிக்கின் நுனிப் பகுதி எவ்வளவு கனமோ அவ்வளவு விலகல். அதனால்தான் நுனியின் கனத்தைக் குறைத்தும், இப்போது கார்பன் ஃபைபரிலும் செய்கிறார்கள். இது நிஜமான வித்தியாசம். ஆனால் ஒவ்வொரு ஸ்டிக்கும் ஒவ்வொரு அளவு விலக்கும். அதைக் கை கற்றுக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும். ஒரே ஸ்டிக்கில் ஆடுகிறவனுக்குக் கை தானே கணக்குப் போட்டுவிடும். தினம் ஒரு ஸ்டிக் எடுக்கிறவனுக்குத் தினமும் எல்.கே.ஜி.

மீதி? கருங்காலி, இழைப்பு வேலை, வழவழப்பு. இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. மரத்தை வருஷக்கணக்கில் உலர வைத்து, கொஞ்சம் கடைந்து, மாசக்கணக்கில் ஆறப்போட்டு, மறுபடி கொஞ்சம் கடைந்து செய்கிறவனுக்கு அந்தக் கூலி நியாயம்தான். பந்துக்கு மட்டும் அந்த அழகு தெரியாது. (வெளிநாட்டில் பழைய ஸ்டிக் வாங்குகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். சிலவற்றில் யானைத் தந்தம் இழைத்திருப்பார்கள். நம் நாட்டில் 1991 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு தந்த வியாபாரமே கூடாது. ஏர்போர்ட்டில் மாட்டினால் எட்டாம் நம்பர் பந்துக்குப் பதில் நீங்கள் உள்ளே விழுவீர்கள்.)

1986-ல் 'தி கலர் ஆஃப் மணி' என்று ஒரு ஹாலிவுட் படம். பால் நியூமனுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தது. அதில் டாம் க்ரூஸ் கைக்கு ஒரு 'பலபுஷ்கா' வருகிறது. ஜார்ஜ் பலபுஷ்கா அமெரிக்காவில் ஸ்டிக் செய்த மகா கலைஞர், 1975-ல் காலமானவர். படம் பார்த்தவர்கள் எல்லாம் பலபுஷ்காவுக்கு ஏங்கினார்கள். ஆனால் படத்தில் காட்டியது பலபுஷ்காவே இல்லை. அதே சாயலில் ஜாஸ் என்ற கம்பெனி செய்தது!

இன்னொரு பக்கம் ஸ்டீபன் ஹென்ட்ரி. ஸ்காட்லாந்துக்காரர். 1990-லிருந்து 1999-க்குள் ஏழு தடவை உலக ஸ்னூக்கர் சாம்பியன். ஏழையும் ஜெயித்தது, பையனாக இருந்தபோது கிடைத்த சுமார் 40 பவுண்ட் ஸ்டிக்கால். 2003-ல் விமானப் பயணத்தில் அது உடைந்துபோயிற்று. அவர் நினைத்தால் உலகத்தில் எந்த ஸ்டிக்கும் வீடு தேடி வந்திருக்கும். பட்டங்கள் ஒன்றிரண்டு வந்தன. உலகக் கோப்பை வரவில்லை. வயசும் ஒரு காரணம்தான். ஆனாலும், போனது 40 பவுண்ட் மரம் இல்லை, இருபது வருஷப் பழக்கம்.

மார்க்கரிடம் இதைச் சொன்னபோது அவர் வேறு பெருமைக்குத் தாவிவிட்டார். "ஸ்னூக்கர் நம்ம ஆட்டம் சார்!" வாஸ்தவம். 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி கிளப்பிவிட்ட ஆட்டம் அது. (ஹிட்லரை நம்பி ஏமாந்த சேம்பர்லின் வேறே.) அதற்கு விதிகளை ஒழுங்காக எழுதி மாட்டியது நம்ம ஊட்டி கிளப்பில். 2025 நவம்பரில் தோகாவில் உலக ஸ்னூக்கர் பட்டம் வென்ற அனுபமா ராமச்சந்திரன் சென்னைப் பெண். வட்டம் அழகாகத்தான் முடிந்திருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் சபலம் போகவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவிலிருந்து தோஸ்த் ஒரு படிவம் அனுப்பினான். ஸ்டிக் செய்கிறவர் கேட்கும் பதினொரு கேள்விகள். எடை எத்தனை அவுன்ஸ்? 18-ஆ, 19-ஆ, 20-ஆ? கனம் முன்னால் வேண்டுமா, பின்னால் வேண்டுமா? நுனி எத்தனை மில்லிமீட்டர்? தோல் கெட்டியா, மெத்தா? கைப்பிடி எவ்வளவு பருமன்? நுனி வரை ஒரே சரிவா, பாதிவரை சமமா?

பேனாவைத் திறந்து உட்கார்ந்தேன். பதினொன்றில் எனக்கு விடை தெரிந்தது இரண்டுக்கு. பெயர், விலாசம்.

அப்போதுதான் உறைத்தது. கஸ்டம் என்றால் அளவெடுத்துத் தைப்பது. தன் அளவே தெரியாதவனுக்கு எவ்வளவு பெரிய டெய்லர் என்ன தைப்பார்? வாரத்தில் நாலைந்து நாள் ஆடுகிறவர், 19 அவுன்ஸை விட 18.5 தன் கைக்கு இதம் என்று ஆடி ஆடிக் கண்டுபிடித்தவர், அந்தப் பதினொரு கேள்விக்கும் யோசிக்காமல் பதில் எழுதுகிறவர் தாராளமாக வாங்கலாம். அவருக்கு அது செலவு இல்லை. மற்றவர்கள் முதலில் ஒரு நேரான ஸ்டிக்கை வாங்கி, அதோடு மட்டும் குடித்தனம் நடத்த வேண்டும்.

மறுநாள் காலை கடற்கரையில் நடந்தேன். அலைமேல் பையன்கள் பலகையில் நின்று வந்துகொண்டிருந்தார்கள். இன்றைக்குக் கோவளம் என்றால் சர்ஃபிங். அதற்குக் காரணமான மூர்த்தி மேகவன் இந்த ஊர் மீனவர். 2012-ல் இங்கே சர்ஃபிங் பள்ளி ஆரம்பித்தவர். சின்ன வயசில் கிடைத்த மரப்பலகையை வைத்து அலையில் சறுக்கியவர். நல்ல பலகை பிற்பாடு வந்தது, அலையைப் படித்து முடித்தவன் கைக்கு. எனக்கு இன்னும் அலையே பிடிபடவில்லை. அதற்குள் பலகைக்குப் பாலிஷ் பார்க்கிறேன்!

6,000 ரூபாய்க்கு ஒரு மேப்பிள் ஸ்டிக் வாங்கினேன். கடையில் நாலு ஸ்டிக்கை டேபிளில் உருட்டி, சத்தமில்லாமல் ஓடியதை எடுத்தேன். மார்க்கர் சொன்ன பத்தியம்: ஆடினதும் உலர்ந்த துணியால் துடை, மூடின உறையில் வை, சுவரில் சாய்த்து வைக்காதே, வெயிலில் நிற்கும் வண்டியில் விடவே விடாதே. உப்புக் காற்று ஊர் சார், மரம் அப்பளம் மாதிரி வளைஞ்சுடும்.

மீதிப் பணம் போன இடம் உங்களுக்குத் தெரியும். பழைய தளத்தைக் கொத்திவிட்டு, மறுபடி சுண்ணாம்பு, செங்கல் ஜல்லி போட்டு, மேலே தட்டோடு பதித்தார்கள். கொத்தனார் மட்டப்பலகையை வைத்து, ஒரு கண்ணை மூடிக் குனிந்து பார்த்த பாணி அப்படியே எங்கள் மார்க்கர். அவர் கையில் இருந்ததும் விலை உயர்ந்த பலகை இல்லை.

ஐப்பசி வந்தது. மூன்று நாள் விடாத மழை. பக்கெட் மூன்றும் பாத்ரூமிலேயே இருந்தன. ஹாலில் உட்கார்ந்து ஸ்டிக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். சீலிங்கைப் பார்த்தாள். என் கையிலிருந்ததைப் பார்த்தாள்.

"இதுல ஆடினா ஜெயிக்கறீங்களா?"

"இல்ல. ஆனா இப்ப யார் தப்புன்னு தெளிவாத் தெரியுது."

"அது எனக்குக் கல்யாணமான மறுவாரமே தெரிஞ்சுடுச்சே!" என்று சொல்லிவிட்டு டி.வி.யைப் போட்டாள். குடை இல்லாமல்.