டிரக்டரில் ஒயில் ஒழுகுகிறதா? கேஸ்கட் மாற்றுமுன் இதைப் படியுங்கள்



வேலையிலிருந்து விலகிய தகப்பனின் சேமலாப நிதிக் காசில் மகன் பழைய டிரக்டர் ஒன்றை வாங்கி, விறகும் மரக்கறியும் ஏற்றிப் பிழைப்பது இப்போது பல டிவிசன்களில் உள்ளதுதான். நாம் அறிந்த ஒரு குடும்பமும் அப்படித்தான் ஒரு மெஸி பெர்குசன் 135 வாங்கியது. எஞ்சின் பக்கவாட்டில், ஒயில் பில்டருக்கு மேலே இருந்து சொட்டுச் சொட்டாக ஒயில் விழுந்தது. ரோட்டோரத்தில் ஒருவர் கழற்றி, இரண்டு பக்கமும் கம் நிறையப் பூசி மாட்டிக் கொடுத்தார். ஒழுக்கு நின்றது. மூன்றாம் நாள் விறகு லோட்டோடு ஏற்றம் ஏறும்போது எஞ்சின் “டொக் டொக்” என்று தட்டியது. பிரித்துப் பார்த்தால் பெயாரிங் தேய்ந்து கிராங்க் கோடு விழுந்திருந்தது. ஒயில் போகும் துளையில் காய்ந்த கம் துண்டு. கிராங்க் கடையவும் பெயாரிங் போடவும் அந்தத் தகப்பன் நகையை அடகு வைத்தார். சில ரூபாய்க் கேஸ்கட்டில் தொடங்கிய செலவு அது.

இது ஏன் நடந்தது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். கேஸ்கட் என்றால் ஒழுக்கை நிறுத்துகிற கடதாசி, அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். பில்டர் ஹவுசிங் என்பது பில்டரைத் தாங்கி எஞ்சின் புளொக்கில் போல்ட்டால் பிடித்திருக்கும் வார்ப்பு. பம்ப் அடியிலுள்ள ஒயிலை உறிஞ்சி அழுத்தத்தோடு இந்த ஹவுசிங்குக்கு அனுப்புகிறது. பில்டரில் வடிந்த ஒயில் மறுபடியும் ஹவுசிங் வழியாகப் புளொக்குக்குள் போய்க் கிராங்க் பெயாரிங்குகளுக்குப் பிரிகிறது. போகிற வழி, வருகிற வழி இரண்டும் அந்தக் கேஸ்கட்டின் துளைகளுக்குள்ளால்தான். பில்டருக்கு முன்னால் விழும் அழுக்கைப் பில்டர் பிடித்துவிடும். வடிந்து வரும் பக்கத்தில் ஒரு கம் துண்டோ கடதாசிக் கிழிசலோ விழுந்தால் அதைப் பிடிக்க ஒன்றுமே இல்லை. நேரே பெயாரிங்குக்குத்தான் போகும்.

கழற்றுமுன் ஒழுகுவது கேஸ்கட்தானா என்று பாருங்கள். எஞ்சினை மண்ணெண்ணெய்யால் துடைத்துக் காயவிட்டு, அந்த இடத்தில் முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லத் தூவி, ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். பவுடர் எங்கே முதலில் கறுக்கிறதோ அங்கேதான் ஒழுக்கு. பல தடவை அது பில்டரின் றப்பர் வளையமாகவோ, அழுத்தமானிக்குப் போகும் குழாயின் நட்டாகவோ இருக்கும். அப்படியானால் ஹவுசிங்கில் கை வைக்கவே தேவையில்லை. (இந்தச் சோதனையைச் செய்யாமலே “கேஸ்கட் போயிட்டுது” என்று சொல்லும் பாஸ்மாரிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள்.)

கேஸ்கட்தான் என்றால், வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சில்லுக்குக் கல் வைத்து, எஞ்சினை ஆறவிடுங்கள். சூடான ஒயில் கையைச் சுட்டுவிடும். சுற்றிலும் உள்ள மண்ணை முதலே கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் கழற்றும்போது அது உள்ளே விழும். போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் என்று நம்ப வேண்டாம். ஒரு கார்ட்போட் மட்டையில் ஹவுசிங்கின் வடிவம் கீறி, எந்த இடத்துப் போல்ட்டோ அந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீளப் போல்ட்டைக் குட்டைத் துளையில் முறுக்கினால் வார்ப்பு வெடிக்கும்.

பழைய கேஸ்கட்டைச் சுரண்டுவதுதான் அதிக நேரம் பிடிக்கிற வேலை. அவசரப்பட்டால் இங்கேதான் கெடும். புளொக்கின் ஒயில் துளைகளை நூல் பிரியாத சுத்தமான துணியால் அடையுங்கள். கொட்டன் வேஸ்ட் வேண்டாம், நூல் உள்ளே போகும். எத்தனை துணி அடைத்தீர்கள் என்று எண்ணி வையுங்கள். ஸ்குரூடிரைவரால் சுரண்டினால் முகத்தில் கீறல் விழும். அந்தக் கீறல் வழியாகப் புதுக் கேஸ்கட்டும் ஒழுகும். மண்ணெண்ணெய் தடவிச் சற்று ஊறவிட்டு, கூர் சீவிய மூங்கில் பத்தையால் மெல்லச் சுரண்டுங்கள். நகத்தால் தடவினால் எதுவும் தட்டக் கூடாது. போல்ட் துளைகளின் அடியில் தேங்கிய ஒயிலையும் துணித்திரியால் எடுத்துவிடுங்கள். ஒயில் தேங்கிய மூடிய துளையில் போல்ட்டை முறுக்கினால் ஒயில் போக இடமில்லாமல் வார்ப்பைப் பிளக்கும். அனுபவமுள்ளவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள்.

புதுக் கேஸ்கட் வாங்கக் கடைக்குப் போகும்போது ஹவுசிங்கையே கையில் கொண்டு போங்கள். வாயால் சொல்லி வாங்கினால் ஒத்துவராது. கடதாசியில் வெட்டித்தான் போட வேண்டும் என்றால், ஒவ்வொரு ஒயில் துளையும் திறந்திருக்கிறதா, அளவு குறையவில்லையா என்று ஹவுசிங்கிலும் புளொக்கிலும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு துளையை வெட்ட மறந்தால் எஞ்சினுக்கு ஒயில் இல்லை. துளை சரியாக இருந்து முகம் சுத்தமாக இருந்தால் கம் தேவையில்லை. பழைய கேஸ்கட்டுக்கு மேல் புதியதை வைக்கவும் கூடாது.

இனித் துணிகளை எண்ணி எடுத்துவிட்டு, எல்லாப் போல்ட்டையும் முதலில் விரலால் ஏற்றுங்கள். பிறகு குட்டை ஸ்பேனரால் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஸ்பேனரில் பைப் போட்டு நீட்டுவது வேண்டவே வேண்டாம். டோர்க் ஸ்பேனர் உள்ள கராஜ் என்றால் கையேட்டிலுள்ள அளவுக்கு இறுக்கட்டும்.

பில்டரையும் இதோடு புதிதாகவே போடுங்கள். பழைய றப்பர் வளையம் ஹவுசிங்கிலேயே ஒட்டி நின்றுவிடுவது வழக்கம். அதை எடுக்காமல் புதியதைப் போட்டால் இரண்டு வளையமும் நழுவி, ஓடும்போது ஒயில் முழுக்க வெளியே அடிக்கும். புது வளையத்தில் ஒயில் தடவி, திருகிப் போடும் பில்டர் என்றால் வளையம் முட்டிய பின் கையால் அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்று வரை போதும்.

ஒயில் ஊற்றி, குச்சியில் மட்டம் பார்த்த உடனே ஸ்டார்ட் பண்ணக் கூடாது. பில்டர் இன்னும் காலியாக இருக்கும். நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, எஞ்சின் பற்றாதபடி பத்துப் பதினைந்து வினாடி சுழற்றுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு ஓய்வு கொடுத்து மறுபடி சுழற்றுங்கள். அழுத்தமானியின் முள் எழும்பிய பிறகுதான் பற்ற வைக்க வேண்டும். அப்போதும் அக்சிலேட்டரை மிதிக்காமல் மெதுவாக ஓடவிட்டு முள்ளையே பாருங்கள். பத்து வினாடிக்குள் முள் நிற்கவேண்டிய இடத்தில் நில்லாவிட்டால் உடனே நிறுத்துங்கள். “கொஞ்சம் ஓடினா சரியாயிரும்” என்று ஓட்டித்தான் நாம் மேலே சொன்ன டிரக்டருக்கும் அந்தக் கதி வந்தது. முன்று நாளும் முள் தாழ்ந்தே இருந்ததாம், ஒழுக்கு நின்ற சந்தோசத்தில் யாரும் அதைப் பார்க்கவில்லை.

எல்லாம் சரியென்றால் நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து மட்டத்தை மறுபடி பார்த்துக் குறைந்ததை ஊற்றுங்கள். மறுநாள் காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, கேஸ்கட்டின் ஓரத்தையும் போல்ட்டுகளையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

வடித்த பழைய ஒயிலைக் கானில் ஊற்ற வேண்டாம். அந்தக் கான் தண்ணீர் எந்த லயத்துப் பீலிக்குப் போகிறது என்று உங்களுக்கே தெரியும். மூடியுள்ள கலனில் எடுத்து வைத்து, பழைய ஒயில் வாங்கும் கராஜில் கொடுங்கள். பிள்ளைகளைத் தூக்குமுன் கையைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவுங்கள்.