இருபது நிமிட வெளிச்சம்

கோடை விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலை நாள். சிங்கப்பூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு நான் போகப்போவது எப்படியோ ஏழாம் வகுப்புக்குத் தெரிந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் ஒரு மாணவி வந்து நின்றாள்.

"டீச்சர், எங்கப்பா லைட்டு மாட்டுன கட்டடத்தை ராத்திரில போட்டோ எடுத்துட்டு வருவீங்களா? அவங்க போன்ல எடுத்தா எல்லாமே வெள்ளையா பொசுங்குன மாதிரி வருது."

அவளுடைய அப்பா அங்கே எலெக்ட்ரீஷியன். ஊருக்கு வந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் பள்ளியில் இப்படிப்பட்ட பிள்ளைகள் வகுப்புக்கு நாலைந்து பேர் இருப்பார்கள். நான் அறிவியல் ஆசிரியை. பதினைந்து ஆண்டுகளாக ஒளி பற்றிய பாடம் நடத்துகிறேன். ஒரு போட்டோதானே என்று சரி சொல்லிவிட்டேன்.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணிக்கு மெரினா பே நீர்ப்பரப்பின் கரையில், மெர்லயன் சிலைக்குப் பக்கத்தில் நின்றேன். நம் ஊர்க் கணக்குப்படி இன்னும் அரை மணி நேரத்தில் இருட்ட வேண்டும். ஆனால் ஆறரை ஆகியும் வெயில் முகத்தில் அடித்தது. அவள் அப்பாவைத் தேக்காவில் பார்ப்பதாகச் சொல்லியிருந்ததால் அதற்கு மேல் காத்திருக்க முடியவில்லை. ஞாயிறு மாலையில் அந்தப் பகுதி முழுக்க நம் ஆட்கள்தான். அவள் கொடுத்தனுப்பிய பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "ஆத்துக்குப் பின்னாடி உசரமா நிக்கிற கூட்டத்துல, இடப்பக்கத்துலேருந்து நாலாவது டீச்சர். முப்பதாவது மாடியிலதான் கடைசியா வேலை பார்த்தேன்" என்று அடையாளம் சொன்னார்.

ஒன்பதரைக்குத் திரும்பி வந்து முப்பது படங்களாவது எடுத்திருப்பேன். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒன்றுகூடத் தேறவில்லை. கறுப்பு வானம், அதில் கரைந்த வெள்ளைத் திட்டுகள். நாலாவது கட்டடமும் தெரியவில்லை, முப்பதாவது மாடியும் தெரியவில்லை. அப்பா எடுத்த படத்துக்கும் டீச்சர் எடுத்த படத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை! செவ்வாய் காலை விமானம். கையில் இருந்தது திங்கள் மாலை மட்டும்.

அன்றிரவு உட்கார்ந்து யோசித்தேன். வெள்ளைத் திட்டு எப்படி வருகிறது? தானியங்கி முறையில் கேமரா பெரும்பாலும் படம் முழுவதன் வெளிச்சத்துக்கும் ஒரு சராசரி பார்க்கிறது. நமக்குப் பழகிய கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். நாற்பது பேர் எழுதிய தேர்வு. முப்பது பேர் ஆளுக்கு 5 மதிப்பெண், பத்துப் பேர் 85 முதல் 95 வரை. சராசரி 26 சொச்சம். இதை 50-க்குக் கொண்டுவர எல்லாருடைய மதிப்பெண்ணையும் இரண்டால் பெருக்கினால் என்ன ஆகும்? 5 வாங்கியவர் 10-க்கு வருவார். 85, 90, 95 எல்லாம் நூறைத் தாண்டும். ஆனால் நூறுக்கு மேல் போட இடமில்லை, ஆகவே பத்துப் பேருக்கும் 100. அவர்களுக்குள் இருந்த வித்தியாசம் அழிந்துபோனது. அந்த முப்பது பேர்தான் கறுப்பு வானம். அந்தப் பத்துப் பேர் சன்னல்கள். எல்லாச் சன்னலும் 100 வாங்கிவிட்டால் அது வெள்ளைத் திட்டு. பிறகு எந்தச் செயலியில் போட்டு இருட்டாக்கினாலும் அழிந்த வித்தியாசம் திரும்பாது.

அப்படியானால் இரண்டு வழி. ஒன்று, கேமரா தரும் கருணை மதிப்பெண்ணை நாம் குறைப்பது. திரையில் பளிச்சென்ற கட்டடத்தின் மேல் விரலால் தொட்டால் பல போன்களில் சூரியன் போன்ற ஒரு குறி வரும். அதைக் கீழே இழுத்தால் படம் இருளும், சன்னல்கள் உருப்பெறும். மற்றொன்று, வானமே கொஞ்சம் மதிப்பெண் வாங்கும் நேரத்தில் எடுப்பது. அதாவது சூரியன் மறைந்து, விளக்குகள் எரிந்து, வானம் இன்னும் கருநீலமாக இருக்கும் நேரம். இரவுப் படம் என்று நாம் வியந்து பார்க்கும் பல படங்கள் உண்மையில் அந்தி நேரப் படங்கள்தான்.

அந்த நேரம் எப்போது? முதல் நாள் நான் ஏமாந்த கதையும் இதில்தான் இருக்கிறது. சிங்கப்பூர் ஏறக்குறைய 104 பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டில் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்றால் 416 நிமிடம், ஏழு மணிக்கு 4 நிமிடம் குறைவு. ஆனால் அந்த ஊர்க் கடிகாரம் கிரீன்விச்சைவிட எட்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 1982-இல் மலேசியாவோடு சேர்ந்து மாற்றிக்கொண்டார்கள். சூரியனைவிடக் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்துவதால், அங்கே ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டித்தான் பொழுது சாய்கிறது. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எத்தனையோ முறை போட்டவள், கரையில் வெயிலில் நின்றபோது ஒரு முறைகூட நினைக்கவில்லை.

அடுத்தது, அந்தி எவ்வளவு நேரம் நிற்கும்? நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. மணிக்கு 15 பாகை. அடிவானத்துக்குக் கீழே 6 பாகை போவதற்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். நம் ஊரிலும் ஏறத்தாழ இதே அளவுதான். ஜூன் மாத லண்டனில் சூரியன் சாய்வாக வழுக்கிக்கொண்டு இறங்குவதால் இதுபோல் இரண்டு மடங்கு நேரம் கிடைக்கும்.

திங்கள் மாலை ஆறரைக்கே போய்விட்டேன். இந்த முறை மெர்லயன் பக்கம் இல்லை, நீரின் மறுகரையில், மூன்று கோபுரங்களின் மேல் படகு வைத்ததுபோல் இருக்கும் மெரினா பே சாண்ட்ஸ் முன்பு. அங்கிருந்து பார்த்தால் அலுவலகக் கட்டடங்கள் மேற்கே இருக்கின்றன. சூரியன் அவற்றுக்குப் பின்னால் மறைவதால் மிச்ச வெளிச்சமும் அந்தப் பக்கத்து வானத்தில்தான் தங்கும். ஞாயிறு இரவு பல மாடிகள் இருண்டு கிடந்தன. வேலை நாளில் ஆட்கள் இன்னும் உள்ளே இருந்ததால் மாடிக்கு மாடி விளக்கு.

கை நடுங்குவதற்கும் வழி செய்ய வேண்டும். ஒளி குறைவாக இருந்தால் கேமரா இரண்டில் ஒன்றைச் செய்யும். ஐ.எஸ்.ஓ. என்னும் உணர்திறனைக் கூட்டும், அப்போது படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் வரும். அல்லது ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்கும், அப்போது கை அசைந்தால் படம் கலையும். புதிய போன்கள் அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்து ஒன்றாக்கிச் சமாளிக்கின்றன. என்னுடையது பழையது. முக்காலியும் இல்லை. கரையோரத் திண்டில் தண்ணீர் பாட்டிலை வைத்து, தலைமுடி ரப்பர் பேண்டால் போனை அதில் கட்டினேன். விரல் பட்டாலே அசையும் என்பதால் இரண்டு நொடி டைமர். ஃபிளாஷை அணைத்துவிட்டேன். அதன் வெளிச்சம் சில மீட்டர்தான் போகும், எதிர்க்கரைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பாலங்களின் கைப்பிடியில் வைக்காதீர்கள். ஆட்கள் நடக்கும்போது பாலம் அதிர்வது காலுக்குத் தெரியாது, படத்துக்குத் தெரியும்.

ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் கால் நொடி என்று நானே வைத்தேன். 7.10-க்கு எடுத்த படத்தில் வானம் வெளிறியிருந்தது. 7.40-இல் கறுத்துவிட்டது. இடையில் 7.25-ஐ ஒட்டி எடுத்த நாலைந்து படங்களில்தான் எல்லாம் கூடி வந்தன. 2008-இல் தடுப்பணை கட்டிக் கடலைப் பிரித்துவிட்டதால் அந்த நீரில் கடல் ஏற்ற இறக்கம் இல்லை. விளக்குகள் அதில் நீளநீளமாக இறங்கி நின்றன. எட்டு மணி ஒளிக்காட்சிக்குக் கூட்டம் சேர்ந்து, என் பாட்டிலை யாரோ இடித்தபோது நான் வேலையை முடித்திருந்தேன்.

ஜூனில் பள்ளி திறந்ததும் படத்தை ஸ்மார்ட் போர்டில் போட்டேன். இடப்பக்கத்திலிருந்து நாலாவது கட்டடத்தை அவளே கண்டுபிடித்துப் பெரிதாக்கினாள். கீழிருந்து மாடிகளை எண்ண ஆரம்பித்தாள். முன்னால் இருந்த கட்டடம் கீழ்மாடிகளை மறைத்ததால் எண்ணிக்கை தடுமாறியது. வகுப்பில் ஆளுக்கொரு எண் சொன்னார்கள். இருபத்தெட்டா முப்பதா என்ற சண்டை தீரவே இல்லை.

பிறகு அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்: ஏழே காலுக்கு மேல், பாட்டில், ரப்பர் பேண்ட், டைமர் இரண்டு, விளக்கைத் தொட்டுச் சூரியனைக் கீழே இழு. அடுத்த வாரம் அவள் அம்மாவின் போனில் ஒரு படம் வந்திருந்தது. கொஞ்சம் சாய்ந்திருந்தது, ஓரத்தில் பாட்டில் மூடியும் விழுந்திருந்தது. சன்னல்களைத் தனித்தனியாக எண்ண முடிந்தது.