பூனைக்குட்டிகளைப் பறிக்கும் திடீர் நோய்



நம் வீடுகளுக்குப் பூனை பெரும்பாலும் தானாகவே வந்து சேர்கிறது. கொல்லைப்புறத்திலோ மாடிப்படியின் அடியிலோ குட்டி ஈனுகிறது. பத்து நாட்களில் கண் திறந்து, ஒரு மாதத்தில் முற்றமெங்கும் துள்ளித் திரியும் அக்குட்டிகளுக்கு நம் பிள்ளைகள் பெயரும் சூட்டிவிடுகின்றனர். அந்நிலையில்தான் அந்தத் துயரம் நேர்கிறது. முந்திய மாலை வரை ஓடி விளையாடிய குட்டி, சுபுஹு வேளையில் சுருண்டு கிடக்கிறது. லுஹருக்குள் மடிந்து விடுகிறது. மறுநாள் இன்னொன்று. சில நாட்களில் அந்த ஈற்றில் ஒன்றுகூட மிஞ்சாமல் போவதும் உண்டு.

உடனே வீட்டில் பேச்சு எழுகிறது. "கண்ணேறு பட்டுவிட்டது" என்பார் ஒருவர். "பக்கத்து வீட்டார் விஷம் வைத்துவிட்டார்கள்" என்பார் மற்றொருவர். இரண்டாவது பேச்சு மிகவும் ஆபத்தானது. ஆதாரமின்றிப் பிறர்மீது ஐயங்கொள்வதைத் திருக்குர்ஆன் வன்மையாகத் தடுக்கிறது. பல்லாண்டு கால அண்டை உறவு, ஒரு குட்டியின் மரணத்தால் அறுந்துபோகலாமா? விஷம் என்று எண்ணப்படும் இத்தகைய மரணங்கள் பலவற்றுக்குக் காரணம் ஒரு கிருமியே ஆகும்.

நோயின் இயல்பு

இந்நோயை மருத்துவர்கள் 'ஃபெலைன் பான்லூகோபீனியா' என்று அழைக்கின்றனர். பார்வோ இனத்தைச் சேர்ந்த வைரஸ் ஒன்றே இதற்குக் காரணம். வைரஸால் விளையும் நோய் இது என்பது 1928ஆம் ஆண்டிலேயே பிரான்சில் கண்டறியப்பட்டது. உடலில் விரைவாகப் பெருகும் அணுக்களை இக்கிருமி தேடித் தாக்குகிறது. குடலின் உட்சுவர் சிதைவதால் வாந்தியும் பேதியும் உண்டாகின்றன. எலும்பு மஜ்ஜை தாக்கப்படுவதால், நோயை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்கள் குன்றிவிடுகின்றன. படையில்லாக் கோட்டைபோல் உடல் ஆகிவிட, குடலிலுள்ள பிற கிருமிகள் இரத்தத்தில் புகுந்து உயிரைப் பறிக்கின்றன.

நேற்று வரை செழிப்பாக இருந்த குட்டிக்கு இது எப்படி நேர்ந்தது என்று நீங்கள் வியக்கலாம். தாய்க்கு எதிர்ப்பாற்றல் இருந்தால், பிறந்தவுடன் அருந்தும் சீம்பால் வழியே அது குட்டிகளுக்கும் கிடைக்கிறது. ஆனால், சில வாரங்களில் அந்தக் காப்பு குறையத் தொடங்குகிறது. அதன்பின் தடுப்பூசி போடப்படாத குட்டிகளுக்கு அரண் ஏதுமில்லை. ஒரே வேளையில் பிறந்தவை ஒரே காலத்தில் காப்பை இழப்பதால், அடுத்தடுத்து விழுகின்றன.

குட்டி உண்ண மறுத்தல், காய்ச்சல், நுரையாகவோ மஞ்சளாகவோ வாந்தி, பேதி, தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் தலையைத் தொங்கவிட்டபடி குடிக்காமல் இருத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். சில குட்டிகள் எந்த அறிகுறியும் காட்டாமலே சில மணி நேரத்தில் இறந்துவிடுவதும் உண்டு.

உடனே செய்ய வேண்டியவை

ஒவ்வொரு நோய்க்கும் இறைவன் மருந்தை அருளியிருக்கிறான் என்று கற்பித்து, மருத்துவம் செய்துகொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியுள்ளார்கள். ஓதி ஊதுவதோடு நின்றுவிடாமல், அதே மணிநேரத்தில் கால்நடை மருத்துவரிடம் குட்டியைக் கொண்டு செல்லுங்கள். நம் ஊர்களிலுள்ள அரசு கால்நடை மருந்தகங்கள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டும் உரியவை அல்ல.

இந்த வைரஸைக் கொல்லும் மருந்து வழக்கத்தில் இல்லை. எனினும் இழந்த நீரை ஊசிவழி ஏற்றி, வாந்தியை அடக்கி, பிற கிருமிகளுக்கு எதிரான மருந்து கொடுத்தால், உடல் தன்னைத் தானே மீட்டுக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. முதல் ஐந்து நாட்களைத் தாண்டிய குட்டிகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன.

வழியில் குட்டி குளிர்ந்து போகாமல், வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அருகில் வையுங்கள். வாந்தி எடுக்கும் குட்டியின் வாயில் பாலையோ நீரையோ வலிந்து ஊற்றாதீர்கள். அது நுரையீரலில் புகுந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரையைப் பூனைக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஒரு சிறு துண்டே அதன் உயிரைக் குடித்துவிடக்கூடும்.

பிரித்து வைத்தலும் தூய்மையும்

நோயுற்ற ஒட்டகங்களை ஆரோக்கியமான ஒட்டகங்களிடம் கொண்டு வரக்கூடாது என்பது நபிமொழி. அதை அறிவித்தவர் அபூஹுரைரா (ரலி) அவர்கள். 'பூனைக்குட்டியின் தந்தை' என்று பொருள்படும் அப்பெயரே, அவர்கள் ஒரு குட்டியைப் பேணி வந்ததால் அமைந்தது என்பது நாமறிந்த வரலாறு. அந்த ஒட்டக நெறியைப் பூனைக்குட்டிக்கும் பொருத்திப் பார்ப்பது நம் கடமையன்றோ? நோயுற்ற குட்டியைத் தனியறையில் வையுங்கள். அதற்கென்று தனிக் கிண்ணம், தனித் துணி வேண்டும். நம் கையும் ஆடையும் செருப்பும்கூட இக்கிருமியைச் சுமந்து செல்லும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். பூனை வாய்வைத்த நீர் தூய்மையானதே. அபூகதாதா (ரலி) அவர்கள், ஒளூவுக்கு வைத்த நீரைப் பூனை குடிப்பதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்து, பூனை அசுத்தமானதன்று, நம்மைச் சுற்றி வரும் ஒன்று என்ற நபிமொழியை எடுத்துரைத்தார்கள். ஆனால் அதன் வாந்தியும் மலமும் நஜீஸ். அவை பட்ட இடத்தை நீரால் கழுவினால் தொழுகைக்குப் போதும், நோய்க்குப் போதாது. இக்கிருமி வீட்டினுள் ஓராண்டு வரைகூடத் தாக்குப்பிடிக்கும் வல்லமை உடையது.

ஆகவே, முதலில் அழுக்கைச் சோப்பு நீரால் நன்றாகக் கழுவுங்கள். பின்பு, துணி வெளுக்கப் பயன்படும் குளோரின் திரவத்தை ஒரு பங்குக்கு 31 பங்கு நீர் சேர்த்துத் தடவி, 10 நிமிடம் ஊறவிட்டு, மீண்டும் கழுவி உலர்த்துங்கள். சன்னல்களைத் திறந்து வையுங்கள். வேறு எந்தத் திரவத்தையும் அதனோடு கலக்காதீர்கள். பினாயில் போன்றவை பூனைக்கே நஞ்சாகும். இறந்த குட்டியைச் சாக்கடையில் எறியாமல் ஆழமாகப் புதையுங்கள்.

இந்நோய் மனிதரைத் தொற்றாது; தாய்மார்கள் அஞ்ச வேண்டியதில்லை. எனினும் பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ வெறிநாய்க்கடி நோயின் அச்சம் உண்டு. காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வருமுன் காத்தல்

இக்கொடிய நோய்க்குச் சிறந்த தடுப்பூசி இருக்கிறது. 6 முதல் 8 வாரங்களுக்குள் முதல் ஊசி. பின்பு 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை, குட்டிக்கு 16 வாரங்கள் நிறையும் வரை தொடர வேண்டும். எஞ்சிய தாய்க்காப்பு ஊசியின் பலனைக் கெடுத்துவிடக்கூடும் என்பதால்தான் ஒரே ஊசியோடு நிறுத்துவதில்லை. குட்டிகளைப் பறிகொடுத்த வீட்டில், தடுப்பூசி முடியாத புதுக்குட்டியை ஓராண்டு வரை கொண்டு வராதிருப்பதே நலம்.

பிள்ளைகளின் கண்ணீர்

குட்டி இறந்த மறுநாள் மதரஸாவுக்கு வரும் பிள்ளையின் முகம் பாடத்தில் பதிவதில்லை. "நான் பால் கொடுத்ததால்தான் செத்துப்போச்சா, ஹஜ்ரத்?" என்று கேட்ட சிறுவர்களை நான் அறிவேன். பெரியவர்களோ, "பூனைதானே, வேறொன்று வரும்" என்று கடந்துவிடுகின்றனர். அண்ணலார் (ஸல்) அவர்கள் அவ்வாறு கடக்கவில்லை. அனஸ் (ரலி) அவர்களின் சின்னஞ்சிறு தம்பி அபூஉமைர், தாம் வளர்த்த சிறு பறவை இறந்ததால் வாடியிருந்தபோது, அந்தக் குழந்தையிடம் பறவையைப் பற்றிப் பரிவுடன் விசாரித்தார்கள். ஒரு பேரியக்கத்தை நடத்திய திருநபிக்கு, ஒரு பிள்ளையின் துயரத்துக்கு நேரம் இருந்தது. நமக்கு இல்லையா?

எனவே பிள்ளையிடம் உண்மையைக் கூறுங்கள். கண்ணுக்குப் புலப்படாத ஒரு கிருமி வந்தது; உன்மீது குற்றமில்லை; உயிர் அல்லாஹ்வுக்கு உரியது; நீ காட்டிய இரக்கம் அவனிடத்தில் வீணாகாது என்று சொல்லுங்கள். பிறகு, எஞ்சியிருக்கும் குட்டியோடும் அப்பிள்ளையோடும் மருத்துவரிடம் சென்று வாருங்கள். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் தண்டனைக்கு ஆளான செய்தியை நம் பிள்ளைகள் பாடத்தில் கேட்கின்றனர். இரக்கம் என்பது எவ்வாறு செய்யப்படுகிறது என்பதை நம் கைகளில் அவர்கள் காணட்டும்.

வாயில்லா உயிர்களிடம் கருணை காட்டும் நல்லுள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.